அண்ணையின் கை

காரின் பெற்றோல் டாங்கியைக் கழற்றி நிலத்தில் வைத்து மேல்பக்கத்தைப் பார்த்ததுமே அது யாருடைய வேலை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. டொக்டரும் பக்கத்தில்தான் நின்றார்.

“ஆர் தம்பி இப்படிச் செய்தது?”

“பழைய வேலை டொக்டர். அந்தக் காலத்தில செய்தது.”

“காலமா வந்து பூசினது?”

அதற்குப் பிறகு நான் வாய் திறக்கவில்லை. பேச்சு அவ்வளவுதான். மாதக்கணக்காகிவிட்டது, இன்னும் மனதுக்குள் கிடந்து உழல்கிறது.

வண்டி எம்.ஜி.பி. ஜி.டி., டொக்டருடைய அப்பாவின் கார். 1965இல் வந்த மாடல். 1980க்குப் பிறகு அந்தக் கார் செய்யப்படவில்லை. பெற்றோல் மணக்கிறது என்று முதலில் வேறு இரண்டு இடங்களில் காட்டியிருக்கிறார். அவர்கள், பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற கார்பரேட்டரின் ஊசி வால்வுகளை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். பெற்றோல் மணம் என்றால் எவரும் முதலில் போனட்டைத்தான் திறப்பார்கள். நானும் அதைத்தான் திறந்தேன். எஸ்.யூ. கம்பனியின் இரட்டைக் கார்பரேட்டர். பெற்றோல் வந்து நிற்கிற மிதவை அறையிலிருந்து வழிந்து போகிற குழாய் காய்ந்திருந்தது. அடியில் ஜெட்டுக்குப் போகிற சின்னக் குழாய்களைத் துடைத்து முகப்பவுடர் தூவி வைத்தேன். ஈரம் பட்டால் பவுடரில் கறுப்பாகக் கோடு விழும். விழவில்லை.

அப்புறம் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் திருப்பிக் காது கொடுத்தேன். பழைய எஸ்.யூ. பம்ப் பின்சக்கரத்துப் பக்கம் இருந்து டிக் டிக் என்று அடிக்கும். மிதவை அறைகள் நிரம்பியதும் நிற்க வேண்டும். பம்பைத் தாண்டி எங்காவது கசிந்தால் நிற்காது, விட்டுவிட்டு அடித்துக்கொண்டே இருக்கும். இது நின்றது. நீண்ட நேரம் காத்திருந்தேன், ஒரு சத்தமும் இல்லை. ஆக, பம்பிலிருந்து கார்பரேட்டர் வரைக்கும் குறை இல்லை.

வழி காட்டியது டொக்டரின் மகள்தான். “ஃபுல் டாங்க் அடிச்சாத்தான் அங்கிள் மணக்கும். பிறகு ரெண்டு மூண்டு நாள்ல நிண்டுடும்.” பின்சீற்றில் இருந்து வருகிற பிள்ளைக்குத்தான் அது தெரியும். அவள் சொன்னதுமே டாங்கியின் மேல்பக்கம்தான் என்று முடிவு செய்தேன். இந்த வண்டியில் டாங்கி பின்பக்கத் தரைக்கு அடியில் ஒட்டினாற்போல் தொங்கும். அந்த இடுக்கில் சேறும் தண்ணீரும் போய்த் தங்கி, மேலிருந்துதான் துரு பிடிக்கும். அடியில் படுத்துப் பார்த்தால் டாங்கி புதுசு போல இருக்கும், ஒன்றும் விளங்காது. அதோடு நிலத்தடித் தொட்டியிலிருந்து குளிர்ச்சியாக வருகிற பெற்றோலை விளிம்பு வரை நிரப்பி, நிலாவெளியில் வெயிலில் விட்டுவிட்டுக் கடலுக்குப் போனால் என்ன ஆகும்? வெப்பம் பத்துப் பன்னிரண்டு பாகை ஏறினாலே 50 லீற்றர் பெற்றோல் அரை லீற்றருக்கு மேல் விரியும். அந்த அரை லீற்றர் மேலே ஏறி ஓட்டையைத் தேடிக்கொள்ளும்.

துருவைப் பற்றி இந்தத் திருகோணமலையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சீனன்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளில் எத்தனையோ இன்னும் காட்டுக்குள் நிற்கின்றன.

பற்றரியைக் கழற்றிவிட்டு, வெளியில் காற்றுப்படுகிற இடத்தில் பெற்றோலை இறக்கி, டாங்கியை எடுத்தோம். மேலே, முன் விளிம்பை ஒட்டி, ஒரு சாண் நீளத்துக்குப் பருத்தித் துணி வைத்து அரால்டைட் பசை பூசிக் கறுப்புப் பெயின்ற் அடித்திருந்தது. பெற்றோல் ஊற்றுகிற கழுத்தில் ரப்பர் ஹோஸுக்குக் கிளிப் இல்லை, செப்புக் கம்பி முறுக்கியிருந்தது. கம்பியின் முனை இரண்டும் மடித்து உள்ளே அமுக்கியிருந்தன. எனக்குத் தொழில் பழக்கிய அண்ணை அப்படித்தான் செய்வார். “அடுத்தவன்ர கையைக் கிழிக்கப்படாது” என்பார். வேறொருவர் அப்படி மடித்து நான் கண்டதில்லை.

டொக்டரின் கோபம் நியாயமானது. பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது, மேலே கலைந்து போகாமல் பள்ளம் பார்த்துத் தங்கும். இந்த வண்டியில் பற்றரி இருப்பதே பின்சீற்றுக்குக் கீழேதான். அதன்மேல்தான் அவருடைய பிள்ளைகள் இருந்து போயிருக்கிறார்கள். அதை அவருக்கு விளக்கியதும் நான்தான். விளக்கிவிட்டு, யார் செய்தது என்று அவர் கேட்கும்போது காலத்தைக் காட்டினால் அவர் வேறென்ன சொல்வார்?

ஆனால் அந்தக் காலம் என்று நான் சும்மா சொல்லவில்லை. 1990இல் யுத்தம் திரும்ப மூண்ட பிறகு இங்கே கராஜ் நடத்தியவர்களுக்குத் தெரியும். ஹபரணைப் பாதையால் ஒரு சாதாரண கேஸ்கட் வந்து சேருவதே பெரும் பாடு. எம்.ஜி. டாங்கிக்கு எங்கே போவது? வெல்டிங் வைத்து ஓட்டையை அடைக்கலாம்தானே என்று இப்போதைய பொடியன்கள் கேட்கிறார்கள். பெற்றோலை இறக்கிய டாங்கி, நிறைந்த டாங்கியைவிடப் பயங்கரமானது. காற்றில் ஆவி 1.4 முதல் 7.6 வீதத்துக்குள் இருந்தால் ஒரு பொறி போதும். வெறும் டாங்கிக்குள் இருப்பது அந்தக் கலவைதான். நீராவி விட்டுக் கழுவி, தண்ணீர் நிரப்பி, பிறகுதான் நெருப்புக் காட்டலாம். அந்த வசதி இல்லாத இடத்தில் நெருப்பே வேண்டாம் என்று அண்ணை முடிவெடுத்திருப்பார். நான் அவருடைய இடத்தில் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

இன்னொன்றும் உண்டு. டொக்டர் போன பிறகு டாங்கியை நன்றாகக் கழுவி, வாய்களை அடைத்து, மெதுவாகக் காற்றுக் கொடுத்துச் சோப்புத் தண்ணி தடவிப் பார்த்தேன். அண்ணை ஒட்டிய இடத்தில் ஒரு குமிழிகூட வரவில்லை. ஒட்டின் ஓரத்திலிருந்து ஒரு விரல் தள்ளி, ஊசி முனை அளவில் வரிசையாகக் குமிழி கிளம்பியது. கசிந்தது அவருடைய வேலை அல்ல, அதற்குப் பக்கத்துத் தகரம்.

அதைக் கண்டபோது வந்த நிம்மதி நிலைக்கவில்லை. துணியின் ஓரத்தில் தண்ணீர் தங்கியதால்தான் பக்கத்துத் தகரம் அரித்திருக்கும். ஒட்டு இல்லாவிட்டால் அந்தத் துரு இவ்வளவு ஓடியிருக்காதோ என்னவோ. அப்படியும் சொல்லலாம்; ஒட்டு இல்லாவிட்டால் அந்த வண்டி அன்றைக்கே நின்றிருக்கும் என்றும் சொல்லலாம்.

அவருடைய பெயரை ஏன் சொல்லவில்லை என்று என்னோடு வேலை செய்கிறவர் கேட்டார். அண்ணை இப்போது இல்லை, பதில் சொல்ல முடியாத ஒருவரைக் கோபத்தில் இருக்கிறவருக்கு முன்னால் நிறுத்தக் கூடாது என்றேன். அது உண்மை. ஆனால் எல்லாவற்றையும் அந்தக் காலத்தின் தலையில் போடுவது இந்த ஊரில் எங்களுக்குப் பழகிவிட்டது என்பதும் உண்மை. 2009இல் யுத்தம் முடிந்த பிறகு பாதை திறந்தது, சாமான் வந்தது. இங்கிலாந்திலிருந்து புது டாங்கி எடுப்பித்திருக்கலாம். அப்போது அந்த ஒட்டை யார் நினைவில் வைத்திருந்திருக்க வேண்டும்?

அண்ணை தற்காலிக வேலை செய்தால் வண்டிக்காரரிடம் சொல்லாமல் விடமாட்டார். “இது கொஞ்ச நாளைக்குத்தான், சாமான் கிடைச்ச உடன மாத்திப் போடுங்கோ” என்று எத்தனையோ பேரிடம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். டொக்டரின் அப்பாவிடமும் சொல்லியிருப்பார். கேட்டவரும் இன்று இல்லை. அண்ணையின் பெயரைச் சொல்லியிருந்தால் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டி வந்திருக்கும். சொன்னால், உங்கள் அப்பா அறிந்துதான் விட்டார் என்று மகனுக்குச் சொன்னதாகிவிடும். அதை நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. சொல்லாமல் விட்டதால் பழி முழுவதும் பெயரில்லாத ஒரு மெக்கானிக்கின் மேல் விழுந்தது. அந்த மெக்கானிக் யாரென்று எனக்கு மட்டும் தெரியும்.

இங்கிலாந்திலிருந்து புது டாங்கி வந்து பூட்டியாகிவிட்டது. ஃபுல் டாங்க் அடித்து, ஒரு பகல் முழுக்க வெயிலில் நிறுத்திப் பார்த்தேன், மணக்கவில்லை. கார்பரேட்டருக்குப் போகிற ரப்பர் ஹோஸ்களை வளைத்துப் பார்த்தால் மேலே வெடிப்புத் தெரிகிறது. அவற்றையும் மாற்ற வேண்டும், வாடைக்காற்று தொடங்க முதல் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.