துர்கிஸ்தானில் யஸவி ஜியாரத்

"அர்ஸ்லான் பாபிடம் இரவு தங்கு, ஹோஜா அஹ்மதிடம் வேண்டிக்கொள்" என்பது கஸாக் மக்களின் சொல்வழக்கு. குரு அர்ஸ்லான் பாபின் வாசலை மிதிக்காமல் சீடர் ஹோஜா அஹ்மத் யஸவியின் தர்காவுக்குப் போகக் கூடாது. ஆகவே யஸவியின் தர்கா இருக்கும் கஸாக்ஸ்தானின் துர்கிஸ்தான் நகருக்குப் போகுமுன் ஓத்ரார் பக்கம் அர்ஸ்லான் பாப் அடக்கத்தலத்தில் இறங்கினோம். அங்குள்ள கிணற்று நீர் உப்புக் கரிக்கிறது. முகம் சுளிக்காமல் குடித்த மூதாட்டி ஒருவர் குவளையை என்னிடம் நீட்டினார். பிஸ்மி சொல்லி நானும் குடித்தேன்.

நபிகள் நாயகம் தந்த பேரீச்சம்பழம் ஒன்றை இந்தப் பெரியவர் பல நூற்றாண்டுகள் வாயிலேயே அடக்கி வைத்திருந்து, ஏழு வயது அஹ்மதிடம் ஒப்படைத்தாராம். வரலாற்றுக் கணக்குக்கு இது சரிப்படாது. ஞானம் குருவிடமிருந்து சீடனுக்கு வாய்வழி வரும் அமானிதம் என்பதை இதைவிடச் சுருக்கமாக யார் சொல்லிவிட முடியும்?

1166-இல் மறைந்த ஸூஃபி ஞானி அஹ்மத் யஸவி. பாரசீகக் கவிதை கோலோச்சிய காலத்தில் ஆடு மேய்ப்பவனுக்கும் புரியும் துருக்கிய மொழியில் பாடினார். அவர் பெயரில் வழங்கும் 'திவானே ஹிக்மத்'தில் சீடர்களின் பாடல்களும் கலந்திருக்கின்றன. சில ஹிக்மத்துகள், அதாவது ஞானப் பாடல்கள், வயதை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போகும். 63 வந்ததும், மண்ணுக்குள் போ என்ற அழைப்பு. நபிகளார் வாழ்ந்த வயதுக்கு மேல் வெயிலைக் காண மனமின்றி நிலவறைக்குள் இறங்கிவிட்டார் என்கிறார்கள். 'மரணிக்கும் முன்பே மரணித்துவிடு' என்பது ஸூஃபிகள் ஓயாமல் சொல்வது. யஸவி அதைச் செய்தே காட்டிவிட்டார். மண்ணாகிவிடு, உலகம் உன்னை மிதித்துப் போகட்டும் என்று பாடியவராயிற்றே!

அவருக்குப் போய் 18 மீட்டருக்கும் அதிகமான குறுக்களவில் குவிமாடம் எழுப்பினார் மத்திய ஆசியாவை ஆண்ட தைமூர். 1405-இல் தைமூர் இறந்ததும் வேலை நின்றது. முகப்பில் ஓடு பதிக்கவில்லை. செங்கல் சுவரிலிருந்து மரக்கட்டைகள் இன்றும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. எனக்குப் பிடித்தது அந்த மொட்டை முகப்புதான்.

உள்ளே தைகஸான். 1399-இல் வார்த்த வெண்கலக் கொப்பரை. எடை 2 டன், 3,000 லிட்டர் பிடிக்கும். ஜும்ஆவுக்குப் பின் வந்தவர்க்கெல்லாம் இதிலிருந்து இனிப்பு நீர் வழங்குவார்களாம். 1935-இல் லெனின்கிராடு அருங்காட்சியகத்துக்குப் போய், 1989-இல்தான் வீடு திரும்பியது.

யஸவி இறங்கிய நிலவறைப் பள்ளிவாசல் சற்றுத் தள்ளி இருக்கிறது. பலர் குவிமாடத்தோடு திரும்பிவிடுகிறார்கள். போகிறவர்கள் முதலில் அங்கே தலைகுனிந்து இறங்கி ஃபாத்திஹா ஓதிவிட்டு, பிறகு தைமூரின் மாளிகைக்கு வாருங்கள். வரிசை மாறினால் நீல ஓடுகள்தான் கண்ணில் நிற்கும்.