வெயில் கூடினா கரண்டும் கூடுமா?

தாராபுரம் தோட்டத்து வீட்டில் 3 கிலோவாட் சோலார் போட்டிருக்கிறோம். சித்திரை வெயிலில் மீட்டர் பறக்கும் என்று நினைத்தேன். ம்ஹூம்! கோடைமழை பெய்து வெறித்த மறுநாள்தான் அதிகம் வந்தது.

கரண்டாக மாறுவது வெளிச்சம், சூடு அல்ல. பேனலின் திறனை 25 டிகிரி செல்சியஸில் அளக்கிறார்கள். நம்மூர் உச்சிவெயிலில் பேனல் 60 டிகிரியைத் தொடுகிறது. 25-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் திறனில் சுமார் 0.4 சதவீதம் கழியும். அப்படியென்றால் 14 சதவீதம் போச்சு. புழுதி தனிக்கணக்கு.

ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்தால் பேனல் குளிரும், ஆனால் மேகமும் கூடவே வந்துவிடும். பூமி இன்னும் சூடாகிக்கொண்டே போனால் இந்தக் கழிவும் ஏறத்தானே செய்யும்?

அப்புச்சியிடம் சொன்னேன். "எனக்கே கிறுகிறுங்குது கண்ணு, அதுக்கு மட்டும் இருக்காதா?" என்கிறார்.