74.9க்குள்

ஜூன் 2

காலை எடை 78.6 கிலோ. உயரம் 158 சென்டிமீட்டர். தம்பிக்கு என் சிறுநீரகத்தைக் கொடுக்க வேண்டுமென்றால், மருத்துவமனையில் போட்டிருக்கும் பி.எம்.ஐ. (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) 30 என்ற கோட்டுக்குள் வர 74.9 வேண்டும். குதிப்பதற்குக் கயிறு வாங்கியாயிற்று.

ஜூன் 3

இருபது நிமிடம் குதித்தேன். கைக்கடிகாரம் 214 கலோரி என்று காட்டியது. மாலையில் தம்பியிடம் சொன்னபோது, "அக்கா, அந்தக் கடிகாரம் உனக்கு வேண்டியதைச் சொல்கிறது" என்றான். அவன் சிரித்து நாளாகிவிட்டது. அதனால் கோபப்படவில்லை.

ஜூன் 4

கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. படியில் நண்டு போலப் பக்கவாட்டில் இறங்கினேன்.

ஜூன் 6

214 எங்கிருந்து வந்தது என்று தோண்டாமல் இருக்க முடியவில்லை.

சும்மா உட்கார்ந்திருக்கும் உடல் செலவழிப்பதை ஒரு மெட் என்கிறார்கள். ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லிலிட்டர் ஆக்சிஜன். ஒவ்வொரு வேலையும் அதைப்போல எத்தனை மடங்கு என்று ஆராய்ச்சியாளர்கள் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். 2011 பதிப்பில் கயிறு தாண்டுவதற்கு மூன்று வரிகள்: நிமிடத்துக்கு 100 குதிக்குக் குறைவென்றால் 8.8, 100 முதல் 120 வரை 11.8, அதற்கு மேல் 160 வரை 12.3. அந்த எண்ணை 3.5 ஆலும் எடையாலும் பெருக்கி 200 ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு இத்தனை கலோரி என்று வரும்.

நான் மெதுவான வரியில்தான் இருக்கிறேன். நிமிடத்துக்கு 12. இருபது நிமிடத்துக்கு 240. கடிகாரம் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறது என்று ஒரு கணம் மகிழ்ந்தேன். ஆனால் இருபது நிமிடமும் நான் எங்கே குதித்தேன்? இன்று நிறுத்து கடிகாரம் வைத்துப் பார்த்தேன். கயிறு காலில் சிக்கிய நேரம், இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிய நேரம், முடியை மறுபடி முடிந்த நேரம் எல்லாம் போகக் கயிறு சுழன்றது ஒன்பது நிமிடம். 108. அந்த ஒன்பது நிமிடம் உட்கார்ந்திருந்தாலும் 12 செலவாகியிருக்கும், அதையும் கழிக்க வேண்டும். 96. நின்று மூச்சு வாங்கியதற்கு ஏதோ சில்லறை சேர்த்துக்கொள்ளலாம்.

பாதிகூட இல்லை.

ஜூன் 7

78.9. ஏறியிருக்கிறது. வலிக்கும் தசை நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். தெரிந்தும் மூன்று முறை ஏறி நின்று பார்த்தேன்.

ஜூன் 9

டயாலிசிஸுக்கு உள்ளே போகும்போது தம்பி 62.8. நான்கு மணி நேரம் கழித்து வெளியே வரும்போது 60.3. உடலில் தேங்கிய நீரை எடுத்த பிறகு நிற்கும் எடைக்கு அங்கே உலர் எடை என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டரை கிலோ, ஒரே பிற்பகலில். ஒரு நொடி பொறாமைப்பட்டேன். இதை அழிக்கமாட்டேன், எழுதியது எழுதியதாகவே இருக்கட்டும்.

ஜூன் 12

இன்று முழுக் கணக்கையும் போட்டேன், போட்டிருக்கக் கூடாது. குறைய வேண்டியது 3.7 கிலோ. உடல் கொழுப்பு ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 7,700 கலோரி என்பது பொதுவாகச் சொல்லப்படும் எண். கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி என்றால் 9,000 வர வேண்டுமே என்று தோன்றும். கொழுப்புத் திசு முழுக்கக் கொழுப்பு அல்ல, அதிலும் கொஞ்சம் நீர் உண்டு. (எங்கே போனாலும் நீர்.) ஆக 28,490. உட்கார்ந்திருக்கும் செலவைக் கழித்துவிட்டால் எனக்கு நிமிடத்துக்குக் கிடைப்பது 10.7. கயிறு 2,650 நிமிடத்துக்கு மேல் சுழல வேண்டும். நாளுக்குப் பதினைந்து நிமிடம் சிக்காமல் குதித்தால் 177 நாள்.

எங்களிடம் 177 நாள் இல்லை.

அம்மா கதவைத் தட்டி, "என்ன எழுதிக்கொண்டே இருக்கிறாய்?" என்றார். வீட்டுக் கணக்கு என்றேன்.

ஜூன் 13

தட்டில்தான் குறைக்க வேண்டும். கயிறு துணைக்கு.

ஜூன் 17

தூக்கம் இல்லை. மணி இரண்டு. பள்ளியில் படித்த இயற்பியலை வைத்து முயன்றேன். 78 கிலோ, புவியீர்ப்பு 9.8, நான்கு சென்டிமீட்டர் உயரம். ஒரு குதிக்கு 30 ஜூல். நிமிடத்துக்கு 90 குதி என்றால் 2,750 ஜூல். ஒரு கலோரிக்கு 4,184 ஜூல் (உணவுப் பொட்டலத்தில் போடும் கலோரிதான்). நிமிடத்துக்கு 0.66 கலோரி! தசை தான் எரிப்பதில் நாலில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றும், மீதி வெப்பம். அப்படிப் பார்த்தாலும் 2.6. பட்டியலோ 12 என்கிறது.

மீதி எங்கே போனது என்று விடியும்வரை யோசித்தேன். கயிறு புகும் இடைவெளிதான் நான்கு சென்டிமீட்டர், முழங்கால் மடங்கி நிமிர்வதில் உடல் அதைவிட அதிகமாகவே ஏறி இறங்குகிறது. இறங்கும் எடையைத் தாங்கி நிறுத்துவதற்கும் தசை எரிய வேண்டும். குதிகால் தசைநார் ரப்பர் போல இழுபட்டு அதில் கொஞ்சத்தைத் திருப்பித் தரும். தோள், மணிக்கட்டு, இதயம், மூச்சு எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. மேலே எழும்புவதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. செலவெல்லாம் மற்ற இடங்களில்.

அவனுக்கும் இப்போது விழிப்பாகத்தான் இருக்கும். அந்தப் பக்கத்து அறையில் விளக்கு எரிகிறது.

ஜூன் 18

குதிக்கவில்லை.

ஜூன் 20

இதை அவனிடம் சொல்ல முடியாது, இங்கே சொல்கிறேன். நான் டயாலிசிஸ் அறைக்கு வெளியே நாற்காலியில் இருந்தேன். உள்ளே இயந்திரம் ஒன்று விட்டுவிட்டுக் கத்தத் தொடங்கியது. செவிலியர்கள் ஓடவில்லை, வேகமாக நடந்தார்கள், அது இன்னும் மோசம். அவனுடைய இயந்திரம் அல்ல. குழாய் மடங்கியதால் வந்த ஒலி, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து பார்த்தால் கடிகாரம் அந்தப் பதினோரு நிமிடத்தை உடற்பயிற்சி என்று பதிந்திருக்கிறது. நாடி 124. கலோரி 71.

நாடி ஏறினால் தசை எரிகிறது என்று அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். பயந்தாலும் ஏறும் என்று கற்றுக்கொடுக்கவில்லை. 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஏழு மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தார்கள். நாடியைப் பெரும்பாலும் சரியாகவே எண்ணின. கலோரியில் மட்டும், இருப்பதிலேயே நல்ல கருவி சராசரியாக 27 விழுக்காடு பிசகியது. மிக மோசமானது 93.

அந்த 71ஐ அன்றைய கூட்டுத்தொகையிலிருந்து எடுத்துவிட்டேன். கையால்.

ஜூன் 24

77.3. கயிற்றினாலா தட்டினாலா என்று பிரிக்க வழியில்லை.

உண்மையான எண் வேண்டுமென்றால் முகமூடி மாட்டி மூச்சை அளக்க வேண்டும். உடல் பயன்படுத்தும் ஒவ்வொரு லிட்டர் ஆக்சிஜனுக்கும் ஏறத்தாழ 5 கலோரி. இதன் ஆரம்பம் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர். 1780களின் தொடக்கத்தில் அவரும் கணித அறிஞர் லப்லாசும் ஒரு கினிப் பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்துக்குள் வைத்து, அதன் உடல் சூட்டில் எவ்வளவு பனி உருகியது என்று நீரை எடைபோட்டார்கள். மூச்சு என்பது மெல்ல எரியும் தீ என்று கண்டுகொண்டது அப்படித்தான். உள்ளே குளிரில் நடுங்கிய அந்தப் பிராணியையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதற்கும் நாடி எகிறியிருக்கும்.

ஜூன் 28

குதித்து முடித்ததும் எடை 400 கிராம் குறைந்திருந்தது. வியர்வை. ஒரே மூச்சில் அரை லிட்டர் தண்ணீர் குடித்தேன், திரும்பினால் அவன் நிற்கிறான். அவனுக்கு நாள் முழுவதற்கும் அளந்து வைப்பது அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். "குடி, அக்கா" என்றான்.

ஜூன் 29

இனி மாடியிலேயே குதிக்கிறேன். தண்ணீர்ப் பாத்திரமும் அங்கேயே.

ஜூலை 3

சிக்காமல் 212. இதுவரை இல்லாதது. எண்ணிக்கொண்டே போகும்போது வேறு எதுவும் நினைவுக்கு வருவதில்லை. இதை எந்தப் பட்டியலிலும் போடவில்லை.

ஜூலை 8

76.2. குறையக் குறையக் கூலியும் குறைகிறது. 12 தந்த அதே நிமிடம் இப்போது 11.7 தருகிறது. கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. வேகத்தைக் கூட்டி நிமிடத்துக்கு 104 வரை கொண்டுபோனேன். பட்டியலின்படி ஒரே தாவலில் 8.8இலிருந்து 11.8. 99க்கும் 100க்கும் நடுவில் உடலில் அப்படி என்ன நடந்துவிடுகிறது? கோடு போட வேண்டியவர்கள் எங்கேயாவது போடத்தானே வேண்டும். 30ஐப் போட்டது போல.

ஜூலை 9

கீழ்க்காலின் முன்னெலும்பில் வலி. 104 செய்த வேலை. மூன்று நாள் நடை மட்டும்.

ஜூலை 11

தொலைபேசி. இன்னும் ஒரு இரத்தப் பரிசோதனை, அவனுக்கும் எனக்கும் ஒரே நாளில். எடையைப் பற்றிக் கேட்டார்கள். 75.9 என்றேன். "வரும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்றது அந்தக் குரல். பார்த்துக்கொள்ளலாம் என்றால் பரவாயில்லை என்றா, மறுபடி ஏற்றி நிறுத்துவோம் என்றா? வைத்த பிறகுதான் கேட்கத் தோன்றியது.

ஜூலை 12

பார்த்துக்கொள்ளலாம்.

ஜூலை 15

75.6. காலையில் தம்பி மாடிக்கு ஏறி வந்தான், நடுவில் இரண்டு முறை நின்று. படியில் உட்கார்ந்துகொண்டு, தான் எண்ணுவதாகச் சொன்னான். கடிகாரத்தைக் கழற்றி அவன் கையில் கொடுத்தேன். 140 வரை சத்தமாக எண்ணினான், பிறகு குரல் தேய்ந்துவிட்டது, விரலால் படியில் தட்டினான். 188இல் சிக்கியது. "190 என்று எழுதிக்கொள், அக்கா" என்றான்.

188.