"கூத்துக்கு எதுக்கும்மா கட்டடம்?" – என் பி.ஆர்க் தீசிஸ் அனுபவம்

ஜூனியர்ஸ் நிறைய பேர் கேட்டுட்டே இருக்காங்க, சஸ்டெய்னபிள் கம்யூனிட்டி சென்டர் மாதிரி டாபிக் ஆர்க்கிடெக்சர் கடைசி வருஷ தீசிஸ்க்கு எடுக்கலாமா, மார்க் போடற ஜூரில நிக்குமான்னு. ஒவ்வொருத்தருக்கா சொல்லி மாளல, மொத்தமா எழுதிடறேன், கொஞ்சம் நீளமா தான் போகும்.

என் டாபிக், செய்யாறு பக்கம் எங்க ஆயா ஊர்ல தெருக்கூத்துக்கும் ஊர்க்காரங்களுக்கும் சேர்த்து ஒரு பண்பாட்டுக் கூடம். அந்தப் பக்கம் புரிசை மாதிரி பரம்பரையா கூத்துக்குப் பேர் போன ஊரெல்லாம் இருக்கு, பங்குனில ஆரம்பிச்சா ஆடி வரைக்கும் எங்கயாவது ஒரு திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம், அதாவது மகாபாரதக் கதையைச் சொல்லி ஆடற திருவிழா, நடந்துட்டே இருக்கும், மத்தியானம் பிரசங்கம், ராத்திரி கூத்து. கூட படிச்சவங்க ஏர்போர்ட், கன்வென்ஷன் சென்டர்னு எடுத்தப்ப நான் இதைத் தூக்கிட்டுப் போய் நின்னேன், பேனல்ல முதல் கேள்வியே "ஸ்கேல் பத்தாதேம்மா" தான். அதனால சினாப்சிஸ்ல 300 சீட் ஆடிட்டோரியம், மியூசியம், டார்மிட்டரி எல்லாத்தையும் போட்டு ஏரியா ஸ்டேட்மெண்ட்டை (எதுக்கு எவ்வளவு இடம்னு போடற கணக்கு) ஊதி அப்ரூவல் வாங்கினேன். எல்லாரும் பண்றது தான். முதல் ரிவ்யூவுக்கு அப்புறம் காரணம் சொல்லி அதை மாத்திக்கலாம், இதை யாரும் முன்னாடியே சொல்லித் தரமாட்டாங்க, அதான் நான் சொல்றேன்.

கேஸ் ஸ்டடிக்கு லைவா ஆரோவில் விசிட்டர்ஸ் சென்டரும் முட்டுக்காடு தட்சிணசித்ராவும் போனேன். விசிட்டர்ஸ் சென்டர் சுஹாசினி அய்யர் டிசைன் பண்ணது, 1992-ல ஹாசன் ஃபாத்தி அவார்டு வாங்கின கட்டடம், அழுத்தின மண் பிளாக்ல கட்டினது, போட்டோல பாக்கறத விட நேர்ல போய் அந்த ஆர்ச் நிழல்ல மத்தியானம் 2 மணிக்கு உக்காந்து பாருங்க, அப்ப தான் புரியும். தட்சிணசித்ரா தென்னிந்திய பாரம்பரிய வீடுகளைக் காட்டற மியூசியம், செலவு கம்மியா கட்டறதுக்குப் பேர் போன ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கரோட கை பட்டது, 1996-ல திறந்தாங்க. நேர்ல போகாம படிச்சே பண்ற டெஸ்க்டாப் ஸ்டடிக்கு ரெண்டு எடுத்தேன். ஒன்னு ஆப்பிரிக்கால புர்கினா ஃபாசோல ஃபிரான்சிஸ் கேரேங்கற ஆர்க்கிடெக்ட் கட்டின காண்டோ ஸ்கூல், இன்னொன்னு பங்களாதேஷ்ல ருத்ராபூர்ங்கற கிராமத்துல அன்னா ஹெரிங்கர் பண்ண மேட்டி ஸ்கூல். ரெண்டும் மண்ணுல கட்டினது, ஆனா நான் எடுத்ததுக்குக் காரணம் மண்ணு மட்டும் இல்ல, கேரே அந்த ஸ்கூலைக் கட்டும்போது ஸ்டூடன்ட், மேட்டி ஸ்கூல் அந்தம்மாவோட டிப்ளமா தீசிஸ்ல இருந்து வந்தது. ஸ்டூடன்ட் ப்ராஜெக்ட் தானேன்னு யாராவது இழுத்தா சொல்ல கைல ஒன்னு இருக்கட்டுமேன்னு.

ஆனா உண்மைல டிசைனை மாத்துனது கேஸ் ஸ்டடி இல்லைங்க, கூத்து வாத்தியாரு. சைட்டுக்குப் போய் அவர்கிட்ட 300 சீட் பிளானை விரிச்சுக் காட்டுனேன், ரொம்ப பொறுமையா பாத்தாரு, பாத்துட்டு, "கூத்துக்கு எதுக்கும்மா கட்டடம்? அர்ச்சுனன் தபசுக்கு மரம் நடணும், அவன் ஏறுவான், உன் கூரை ஒத்துக்குமா? படுகளத்துக்கு துரியோதனனை மண்ணுல படுக்கப் போடணும், டைல்ஸ்ல போடுவியா?"ன்னாரு. படுகளம்னா பாரதத்தோட கடைசில துரியோதனன் விழற கட்டம். அதுக்கு மேல அந்த ஆடிட்டோரியத்தை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது. அப்புறம் அவரே சொன்னாரு, "எங்களுக்கு வேஷம் கட்ட இடம் குடு, சாமான் வெக்க இடம் குடு, பொம்பளைங்களுக்கு கக்கூஸ் குடு. ஆடறதுக்கு தரை இருக்கு."

இதை அப்படியே பிரீஃபா, அதாவது கட்டடத்துல என்னென்ன வேணுங்கற லிஸ்ட்டா, எடுத்துக்கிட்டேன். ராத்திரி 10 மணிக்கு ஆரம்பிச்சு விடியற வரைக்கும் உக்காந்து பாக்கற கூட்டத்துல பாதிக்கு மேல பொம்பளைங்களும் சின்னப் பசங்களும், அவங்களுக்கு ஒரு டாய்லெட் கிடையாது, நானே ஆயா கூட போய் உக்காந்தப்பல்லாம் சாயங்காலத்துல இருந்து தண்ணி குடிக்காம இருந்திருக்கேன். ஆடிட்டோரியம் மொத்தமும் போச்சு, மைதானம் அப்படியே திறந்த வெளியா நின்னுடுச்சு, கட்டடம் அதுக்கு ஒரு ஓரத்துல மட்டும்.

கைட் இதைப் பாத்துட்டு, வருஷத்துல பத்து பதினெட்டு நாள் திருவிழா, மீதி நாள் அந்த மைதானம் சும்மா கிடக்குமே, அது எப்படி சஸ்டெய்னபிள்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. தை மாசம் அறுப்பு முடிஞ்சா அந்த ஊர்ல நெல்லை தார் ரோட்டுல தான் காய வெக்கறாங்க, வண்டியெல்லாம் அது மேல ஏறிப் போகும். கூத்து பங்குனிக்கு மேல, நெல்லு தைல, ரெண்டும் ஒன்னுக்கொன்னு இடிக்கல. அதனால ஆடற இடமும் படுகளமும் வெறும் மண்ணு, ஜனங்க உக்கார்ற பக்கம் மட்டும் கருங்கல் பாவின தரை, 100-க்கு 1 சரிவு, மழைத்தண்ணி குட்டைக்குப் போயிடும். தைல அது நெல்லு காய வெக்கற களம், பங்குனில பாய் போடற இடம். மத்த நாளு சாயங்காலம் ஸ்கூல் பசங்களுக்கு டியூஷன், பகல்ல மகளிர் குழு மீட்டிங், சின்னதா ஒரு லைப்ரரி.

சைட் செலக்‌ஷன்ல நிறைய யோசிச்சது வேற விஷயத்துக்கு. அந்த ஊர்ல ஏற்கனவே ஒரு சமுதாயக்கூடம் இருக்கு, ஊர் நடுவுல, அங்க காலனில இருந்து ஒருத்தரும் வர்றதில்ல, காரணத்தை நான் எழுதித் தான் தெரியணும்னு இல்ல. கோயில் ஊர்க் கடைசில ஸ்கூல் பக்கத்துல இருக்கறதால அந்த மைதானத்துக்கு ஊர் ரோடு, காலனி ரோடு ரெண்டுல இருந்தும் வரலாம். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி முன்வாசல் வெச்சேன், பின்வாசல்னே ஒன்னு கிடையாது, டாய்லெட்டும் தண்ணியும் ரெண்டுக்கும் நடுவுல. ஷீட்ல இதை "அக்செசிபிலிட்டி"ன்னு ஒரு வார்த்தைல போட்டுட்டேன், வைவால கேட்டா பேசிக்கலாம்னு. விஏஓ ஆபீஸ்ல புலப்படம் வாங்கினப்ப தான் பாதி இடம் கோயில் பேர்ல, பாதி புறம்போக்குன்னு தெரிஞ்சுது, நிஜமா கட்டறதுன்னா அறநிலையத்துறை பர்மிஷன் வேணும். அதையும் ஒரு லைன் எழுதி வெச்சிடுங்க, ஜூரிக்கு அதெல்லாம் பிடிக்கும்.

இப்ப எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதிக்கு வரேன், சூடு. சஸ்டெய்னபிள்னு சொன்னாலே நம்ம ஸ்டூடியோல எல்லாரும் ரிஃப்ளெக்ஸ் மாதிரி கனமான சுவர், தெர்மல் மாஸ்னு போட்டுடுவோம். பகல்ல புழங்கற கட்டடத்துக்கு அது சரி, சூடு உள்ள வர லேட் ஆகும். ஆனா வேஷம் கட்டற ரூம் புழக்கத்துக்கு வர்றதே ராத்திரி 7 மணிக்கு மேல, கனமான சுவரும் காங்கிரீட் கூரையும் பகல் முழுக்க வாங்கின சூட்டைத் திருப்பி உள்ள விடறதும் அதே நேரம் தான். உள்ள பத்து பேரு, அரிதாரம் பூசி, கனமா துணி கட்டி, மேல கட்டைன்னு சொல்ற மர அணிகலனைக் கட்டி, வேர்த்தா முகத்துல எழுதினது வழியும். நான் ஒரு நாள் ராத்திரி பக்கத்து காங்கிரீட் ஷெட்ல அவங்க வேஷம் போடறப்ப கூட இருந்தேன், சுவத்துல கை வெச்சா காய்ச்சல்காரன் நெத்தி மாதிரி கொதிக்குது, ராத்திரி 9 மணி அப்ப.

அதனால ஒரே கட்டடத்துல ரெண்டு விதமா பண்ணேன். லைப்ரரி, மகளிர் குழு ரூம் எல்லாம் பகல் புழக்கம், அதுக்கு ரேட் ட்ராப் சுவரும் ஃபில்லர் ஸ்லாபும். ரேட் ட்ராப்னா செங்கல்லைப் படுக்க வெக்காம குத்துக்கல்லா நிறுத்தி நடுவுல பொந்து விட்டுக் கட்டறது, கேரளால லாரி பேக்கர் பரப்பின முறை, 9 இன்ச் சுவரே தான், செங்கல் சுமார் 25 பர்சென்ட் மிச்சம், உள்ள இருக்கற காத்து சூட்டையும் தடுக்கும். ஃபில்லர் ஸ்லாப்ல காங்கிரீட்டுக்கு வேலையே இல்லாத அடிப்பக்கத்துல பழைய மங்களூர் ஓட்டை வெச்சு நிரப்பறது. வேஷம் கட்டற ரூமுக்கு இது ரெண்டுமே வேணாம்னு முடிவு பண்ணி, லேசான ஓட்டுக் கூரை, சுவர் மட்டத்துல இருந்து தூக்கி வெச்சு இடைவெளி விட்டது, காண்டோல கேரே பண்ண மாதிரி சூடு மேலயே ஓடிடும், ரெண்டு பக்கமும் செங்கல் ஜாலி, அதாவது காத்து போக ஓட்டை விட்டுக் கட்டின சுவர். பொழுது சாஞ்சா ஓடு சீக்கிரம் ஆறிடும்.

இன்னொன்னு, சூரியன் போற பாதையைக் காட்டற நம்ம சன் பாத் டயக்ராம் ஒழுங்கா போடுங்க. செய்யாறு வடக்கு அட்சரேகை 12 டிகிரி சொச்சம், ஏப்ரல் கடைசில இருந்து ஆகஸ்ட் பாதி வரைக்கும் உச்சி வெயில் வடக்குல இருந்து வருது, வடக்கு சேஃப்னு ஷேடு போடாம விட்டா கோடை முழுக்க வெயில் உள்ள தான்.

கதவு அளவு கதையும் சொல்லிடறேன். புஜகீர்த்தி, மார்பதக்கம், பெரிய கிரீடம், கீழ விரிஞ்ச பாவாடைத் துணின்னு முழு வேஷத்துல நின்ன துரியோதனனை டேப் வெச்சு அளந்தேன், அவர் ஆடாம அசையாம நின்னாரு, பசங்கல்லாம் சுத்தி நின்னு சிரிக்குதுங்க. 3 அடி கதவுல அவரு சைடா தான் நுழையணும், 7 அடி உயரத்துல குனிஞ்சு தான் வரணும். ராஜா குனிஞ்சு வந்தா எப்படிங்க. அந்த ஒரு கதவு மட்டும் 5 அடி அகலம், 8 அடி உயரம், ரெட்டைக் கதவு, நேரா திரை பிடிக்கற இடத்துக்குத் திறக்கும். அந்த கட்டையெல்லாம் லேசான மரத்துல செஞ்சு கண்ணாடியும் கலர் பேப்பரும் ஒட்டினது, ஈரமும் கரையானும் ஆகாது, அதனால ஸ்டோர் தரையை 2 அடி உசத்தி கருங்கல் மேல நிறுத்தினேன்.

மண் பிளாக் ஏன் போடலன்னு எல்லா ரிவ்யூலயும் கேட்டாங்க, கைட்டுக்கும் அது தான் ஆசை. ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட் சொல்ற அளவு பாத்தா மண்ணுல பாதி மணல் இருக்கணும், களி 20 பர்சென்ட் போல, சிமெண்ட் 5 பர்சென்ட் கலந்து பிரெஸ்ல அழுத்தி 4 வாரம் நனைச்சு வெக்கணும். நம்ம சைட் ஏரிக்குக் கீழ, தோண்டினா கருப்பா களிமண்ணு. ஹார்லிக்ஸ் பாட்டில்ல மண்ணும் தண்ணியும் போட்டு குலுக்கி வெச்சேன், அடில மணல் ஒரு விரல் கூட தேறல, மறுநாள் காலைலயும் மேல தண்ணி கலங்கியே கிடக்கு. சிமெண்ட் மணல்பாங்கான மண்ணுக்கு, களிக்கு சுண்ணாம்பு தான் சேரும், இல்லன்னா எம்-சாண்டை லாரில கொண்டு வந்து கலக்கணும், பிரெஸ்ஸும் வெளியூர்ல இருந்து வரணும். பக்கத்துலயே சூளை இருக்கு, ரேட் ட்ராப் கட்ட கொத்தனாருக்கு ஒரு நாள் காட்டிக் குடுத்தா போதும். சூளைல விறகு எரியுது, அது எனக்கும் உறுத்தல் தான், கணக்கு போட்டு ரெண்டையும் ஒரே ஷீட்ல பக்கத்துப் பக்கத்துல வெச்சுட்டேன், மறைக்கல. குட்டை தோண்டின களிமண்ணு மைதானத்தை மேடாக்கப் போச்சு.

ஃபைனல் ஜூரில எக்ஸ்டெர்னல் ரெண்டு பேரு. ஒருத்தர் வந்ததும், "ஓட்டுக் கூரைக்கு பனைவாரை போட்டிருக்க, பனை வெட்ட கலெக்டர் பர்மிஷன் வேணும், தெரியுமா?"ன்னாரு. தெரியும், 2021 வேளாண் பட்ஜெட்ல அறிவிச்சது, அதனால புதுசா ஒரு மரம் கூட வெட்டல, இடிக்கற பழைய ஓட்டு வீடுகள்ல இருந்து வர்ற வைரம் பாஞ்ச வாரைன்னு ஸ்பெசிஃபிகேஷன்ல எழுதியிருந்தேன், செய்யாறு பக்கம் பழைய மரக்கடைல கேட்டு விலையும் போட்டிருந்தேன், அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டுனேன், அவரு மேல பேசல. இன்னொருத்தர், பசுமைக் கட்டடத்துக்குக் குடுக்கற கிரிஹா ரேட்டிங்ல பாயிண்ட் எவ்வளவுன்னாரு. நம்ம கட்டடம் 2500 சதுர மீட்டருக்குள்ள, அதுக்கு சின்னக் கட்டடத்துக்கான ஸ்வாகிரிஹா தான் வரும்னு சொன்னேன், உடனே சுத்திச் சுத்தி ஸ்கேலுக்கே வந்தாரு, தீசிஸ்க்கு இவ்வளவு சின்னதா, ஆடிட்டோரியம் எங்க போச்சுன்னு. நான் நைட் செக்‌ஷனை, கூத்து ராத்திரி எப்படி இருக்கும்னு காட்டற வெட்டுப்படத்தை, எடுத்து வெச்சேன், அர்ச்சுனன் தபசு மரத்தோட, மைதானம் முழுக்க ஜனங்களோட, அது பக்கத்துல கட்டடம் குட்டியா நிக்கும். இது தான் சார் ஆடிட்டோரியம், கூரை மட்டும் இல்லைன்னேன். சிரிச்சாரு, மார்க்ல அந்த சிரிப்பு அவ்வளவா தெரியல, பரவால்ல, பாஸ் மார்க்குக்கு மேல நல்லாவே வந்துச்சு. ஏர்போர்ட் பண்ண ஃப்ரெண்டுக்கு என்னை விட அதிகம், அவன் ரெண்டரும் என்னுதை விட நல்லா இருந்துச்சு, அதையும் சொல்லணும்ல.

சப்மிஷன் பத்தி ரெண்டு வார்த்தை. ஏ1 ஷீட்டை பிளாட்டர் கடைல கடைசி நாள் குடுக்காதீங்க, மொத்த பேட்ச்சும் அங்க தான் நிக்கும். மாடலுக்கு மவுண்ட் போர்டு போதும், மைதானத்துக்கு நான் அந்த ஊர் மண்ணையே சலிச்சு ஒட்டினேன், செலவும் கம்மி, கலரும் கரெக்ட்டா இருந்துச்சு.

எல்லாம் முடிஞ்சு ஒரு செட் பிரிண்ட் ஊருக்குக் கொண்டு போய் குடுத்தேன். பஞ்சாயத்துல ஒவ்வொரு ஷீட்டா பாத்துட்டு டாய்லெட் பிளாக்கை மட்டும் தனியா எடுத்து வெச்சாங்க. "இது மட்டும் எவ்ளோ ஆகும், அடுத்த பாரதத்துக்குள்ள முடியுமா?" இப்ப அதுக்குத் தான் எஸ்டிமேட் போட்டுட்டு இருக்கேன். கழிவுத் தண்ணி மண்ணுல ஊறி இறங்கற ரெட்டைக் குழி தான் சீப், ஆனா ஏரிக்குக் கீழ தண்ணி மட்டம் மேலயே நிக்கறதால செப்டிக் டேங்க்குக்குப் போக வேண்டியிருக்கு, ஸ்கூல் கிணத்துல இருந்து தள்ளி வெச்சா பைப் நீளம் கூடுது, ரேட் ட்ராப்ல மிச்சம் பண்ணதெல்லாம் அதுலயே போயிடும் போல.