‘மர்ம விலங்கு’ என்று எழுத விடாதீர்கள்

செத்த ஆடுகளுக்கு நிவாரணம் கேட்டு மனுப் போட, கால்நடை டாக்டர் எழுதிக் கொடுத்த சான்றிதழைப் படித்துவிட்டு நன்றி சொல்லி வாங்கி வந்ததுதான் முதல் தப்பு. “மர்ம விலங்கு கடித்து இறந்துள்ளன” என்று இருந்தது. பேப்பரில் வாராவாரம் பார்க்கிற வார்த்தை, அதனால் உறுத்தவில்லை. ஆனால் மர்ம விலங்குக்குப் பணம் கொடுக்க எந்தத் துறையும் கிடையாது. சிறுத்தை என்றால் மனு வனத்துறைக்குப் போகும். தெருநாய் என்றால் கால்நடைத் துறை, வருவாய்த் துறை வழி. மர்மம் என்றால் எல்லாரும் அடுத்த மேசையைக் கை காட்டுவார்கள். அந்த ஒரு வார்த்தையை மாற்ற மட்டும் நாலு நடை, பத்து நாள்.

காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலம். விடிந்து பார்த்தால் பட்டியில் 6 செம்மறி செத்துக் கிடந்தன, 4 கடிபட்டு நின்றன. 2023இல் ஊதியூர் மலையில் சிறுத்தை வந்ததிலிருந்து இந்தப் பக்கம் எந்த ஆடு செத்தாலும் முதல் பேச்சு சிறுத்தைதான். “ஒரே ராத்திரியில் ஆறு செத்திருக்கிறது, நாய்தான்” என்று இன்னொரு கட்சி. எண்ணிக்கையை வைத்துப் பேசுவது செல்லாது. அடைத்த பட்டிக்குள் மாட்டினால் சிறுத்தையும் ஒன்றோடு நிறுத்தாமல் பலவற்றைக் கொல்லும். வயிறு கிழிந்திருப்பதை வைத்தும் சொல்ல முடியாது. பதில் தோலுக்கு அடியில் இருக்கிறது, அதுவும் வெயில் ஏறும் வரைதான்.

டாக்டர் வந்தது மூன்று மணிக்கு. அவரையும் குறை சொல்ல முடியாது, ஒரே ஆள், நாலு பஞ்சாயத்து. ஆனால் அதற்குள் வயிறு உப்பி, ஈ முட்டை வைத்து, காயமெல்லாம் கறுத்துப் போயிருந்தது. வெளியில் நின்று பார்த்தால் யாராக இருந்தாலும் ‘மர்ம விலங்கு’ என்றுதான் எழுதுவார்கள். அதனால் கூப்பிடும்போதே, “ஏனுங் டாக்டர், தோலை உரிச்சுப் பாத்துத்தானுங்க எழுதோணும், கத்தியோட ஆளை நிறுத்தி வெச்சிருக்கறோம்” என்று சொல்லிவிடுங்கள். வரத் தாமதமாகும் என்றால் அவரிடம் போனிலேயே கேட்டுக்கொண்டு ஓர் ஆட்டையாவது உரித்துப் படம் எடுத்து வையுங்கள். மற்றவை கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும். இங்கே பாவம் பார்த்து ஆறையும் வேப்பமர நிழலுக்கு இழுத்துப் போட்டுவிட்டார்கள். எது வேலி ஓரம் கிடந்தது, எது படலருகில் கிடந்தது என்பதெல்லாம் அதோடு போச்சு.

உரிப்பவர் கையுறை போடாமல் தொடக் கூடாது. கடித்தது வெறிநாயாக இருந்தால் காயத்தில் எச்சில் இருக்கும். தாடையிலிருந்து மார்பெலும்பு வரை நேர்கோடாகக் கீறி, தோலை இரண்டு பக்கமும் புத்தகம் போல விரியுங்கள். பிறகு தொடை, விலா. வெளியே மிளகு அளவு ஓட்டைதான் தெரியும். உள்ளே உள்ளங்கை அகலத்துக்குச் சதை நைந்து ரத்தம் உறைந்திருக்கும். உயிரோடு இருக்கும்போது கடித்ததற்கு அதுதான் அடையாளம். செத்த பிறகு கடித்த இடத்தில் உறைந்த ரத்தம் இருக்காது, விளிம்பு வெளுத்திருக்கும்.

எங்களுக்குக் குழப்பம் தந்த ஆடு இதில்தான் தெளிந்தது. ஒன்றுக்கு மட்டும் வயிறு கிழிந்து குடல் வெளியே கிடந்தது. ஊரே அதைத்தான் போட்டோ எடுத்தது. புதைக்கும் முன் நாங்களே உரித்துப் பார்த்தால் வயிற்று விளிம்பில் ஒரு பொட்டுக் கட்டிய ரத்தம் இல்லை. கொன்ற காயம் பின்தொடையில் இருந்தது. வயிறு கிழிந்தது செத்த பிறகு, தின்ன வந்ததன் வேலை.

படுத்துக் கிடந்த பக்கம் தோலுக்கடியில் நீலம் பாய்ந்திருந்தால் அடி என்று நினைத்துவிடாதீர்கள். ரத்தம் கீழே இறங்கித் தேங்குவதுதான் அது. கீறி, தண்ணீர் ஊற்றித் துடைத்துப் பாருங்கள். தேங்கிய ரத்தம் கழுவினால் போய்விடும். காயத்து ரத்தம் சதைக்குள் உறைந்து ஒட்டியிருக்கும், போகாது. ஆறில் ஒன்றுக்கு எங்கேயுமே கடி இல்லை. வெருண்டு ஓடி வேலி மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறியதில் அடியில் சிக்கி மூச்சு முட்டிச் செத்தது. இதையும் சான்றிதழில் தனியாக எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கடியே இல்லாத ஆட்டைக் காட்டி மொத்த மனுவையும் சந்தேகப்படுவார்கள்.

சிறுத்தை கொன்றால் வேலை பெரும்பாலும் கழுத்தில் முடிந்திருக்கும். தொண்டையில் ஆழமான நாலு ஓட்டை, மூச்சுக்குழல் நசுங்கியிருக்கும், தோளிலோ முதுகிலோ இணைகோடாக நகக் கீறல். உடம்பின் மற்ற பாகம் ஏறக்குறைய சுத்தமாக இருக்கும். நாய்க்கூட்டம் அப்படியில்லை. துரத்தித் துரத்திப் பிடித்த இடத்தையெல்லாம் கடிக்கும்: பின்தொடை, விலா, வால், காது, முகம். ஆழம் குறைவு, கிழிசல் அதிகம். எங்கள் ஆறில் ஐந்துக்கு இதுதான். கடிபட்டு நின்ற நாலுக்கும் பின்காலில்தான் காயம். நரி பெரும்பாலும் ஆட்டுக்குட்டிகளைத்தான் பிடிக்கும், வளர்ந்த கிடாவில் கை வைப்பது அபூர்வம்.

பல் இடைவெளி அளப்பதை நிறையப் பேர் சொல்வார்கள். அளக்க வேண்டியதுதான், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். சிறுத்தையின் மேல் கோரைப்பல் இரண்டுக்கும் இடையே சுமார் 4 செ.மீ. இருக்கும், பெரிய நாட்டு நாய்க்கும் கிட்டத்தட்ட அதே அளவு வரும். தோலை இழுத்துப் பிடித்தால் இன்னும் அரை செ.மீ. கூடிவிடும். உரித்த தோலின் உள்பக்கம், இழுக்காமல், ஒரே தாடையின் ஜோடி என்று உறுதியாகத் தெரிகிற இரண்டு ஓட்டையை மட்டும் அளக்க வேண்டும். நாய் பத்து முறை கடித்த தொடையில் எந்த ஓட்டைக்கு எது ஜோடி என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தக் குழப்பமே நாய் என்பதற்குப் பாதி சாட்சி.

தடம் பார்ப்பதற்குள் ஐம்பது செருப்பு ஓடிவிட்டது. தொட்டியோரச் சேற்றில் இரண்டு மிச்சம் இருந்தது, அதுவும் யாரோ அன்னக்கூடையைக் கவிழ்த்து வைத்ததால் பிழைத்தது. நாய்த் தடத்தில் நகம் பதியும், நடு இரண்டு விரலும் ஒரே வரியில் இருக்கும். பூனை இனத்துத் தடத்தில் நகம் தெரியாது, விரல்கள் சற்றுக் கோணலாக நிற்கும், உள்ளங்காலின் பின்விளிம்பு மூன்று மேடாகத் தெரியும். வழுக்குச் சேற்றில் சிறுத்தைகூட நகம் ஊன்றும் என்பதால் பின்விளிம்பைப் பார்ப்பதுதான் நம்பகம். படம் எடுக்கும்போது நேர் மேலிருந்து எடுங்கள், பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயம் வையுங்கள். அதன் விட்டம் 27 மி.மீ., பிறகு யார் கேட்டாலும் அளவு சொல்லலாம்.

கடைசியில் காப்பாற்றியது அந்தப் படங்கள்தான். ஆட்டைப் புதைத்து ஒரு வாரம் கழித்துச் சான்றிதழைத் திருத்தக் கேட்டால் எந்த டாக்டரும் யோசிப்பார். உரித்த தொடை, பக்கத்தில் நாணயம், அதே படத்தில் காது வில்லை (ஆட்டின் காதில் மாட்டிய அடையாள வில்லை) எண். இப்படி ஐந்து படம் காட்டியதும் “நாய்கள் கடித்து” என்று மாற்றி எழுதி, கடி இருந்த இடங்களையும் வரிசையாகக் குறித்துக் கொடுத்தார்.

காது வில்லை என்றதும் இன்னொன்று. காப்பீடு செய்த ஆடு என்றால் வில்லை இல்லாமல் ஒரு பைசா வராது. நாய் காதைக் குதறும், வில்லை காதோடு பிய்ந்து போகும். இரண்டு ஆட்டு வில்லையைக் கிளுவை வேலியோரம் ஒரு மணி நேரம் குனிந்து தேடி எடுத்தோம். ஒன்று முள்ளுக்குள், காதுத் துண்டோடு கிடந்தது. துண்டோடு இருந்ததால் வாதாட வேலையில்லாமல் போனது. குழி வெட்டுமுன் வில்லைகளை எண்ணுங்கள். ஆறடி ஆழம், சுண்ணாம்பு, மேலே முள். கறிக்குக் கேட்டு ஆள் வருவார்கள், கொடுக்காதீர்கள்.

தாளவாடி, கூடலூர் மாதிரிக் காட்டோரம் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே புலி பெரும்பாலும் பின்தொடையிலிருந்து தின்னத் தொடங்கும், இரைப்பையை வெளியே எடுத்துத் தனியாகப் போட்டிருக்கும். சிறுத்தை வயிறு, மார்புப் பக்கமிருந்து தொடங்கும், மரத்தின்மேல் இழுத்துப் போவதும் உண்டு. செந்நாய்க் கூட்டம் இறங்கினால் அளக்கக் கடி மிஞ்சாது, சீக்கிரத்தில் தலையும் தோலும் எலும்பும்தான். பெரிய எலும்பே நொறுங்கிக் கிடந்தால் மாயாறு பக்கம் கழுதைப்புலியையும் நினைக்க வேண்டும், ஆனால் அது செத்ததைத் தின்ன வந்ததாகவும் இருக்கலாம். உறைந்த ரத்தத்தைப் பார்க்காமல் அதன் தலையில் பழியைப் போடாதீர்கள். கோபத்தில் மிச்சத்தில் விஷம் தடவுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் ஜாமீன் எளிதில் கிடைக்காது. கொன்ற விலங்கு திரும்பி வராமல் போனாலும், மாயாற்றில் மிஞ்சியிருக்கிற, பிணம் தின்னும் பாறுக் கழுகுகள் அந்தப் பிணத்தில்தான் இறங்கும்.

கடிபட்டுப் பிழைத்த ஆடுகளை மனு அலைச்சலில் மறந்துவிடாதீர்கள். கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் காயத்தைக் கழுவ வேண்டும், தையல் போட அவசரப்படக் கூடாது. வெறிநோய்த் தடுப்பூசி 0, 3, 7, 14, 28ஆம் நாட்களில். எங்கள் மனு இப்போது மூன்றாவது மேசையில் இருக்கிறது. நாலு ஆட்டில் ஒன்று இன்னும் காலை ஊன்றவில்லை. நாளைக்கு 14ஆம் நாள் ஊசி.