சிங்கிள் ஃபேஸில் த்ரீ ஃபேஸ் மோட்டார்

ஷெட்டில் சின்ன லேத் போட்டிருக்கிறவர்கள் அடிக்கடி கேட்பது: த்ரீ ஃபேஸ் லைன் இல்லை, 1 எச்.பி. த்ரீ ஃபேஸ் மோட்டாரை வி.எஃப்.டி. (சிங்கிள் ஃபேஸை த்ரீ ஃபேஸாக்கித் தரும் டிரைவ்) வைத்து ஓட்டலாமா? தாராளமாக. ஆனால் முதலில் நேம் பிளேட்டைப் படியுங்கள். 230 வோல்ட் உள்ளே போனால், சாதாரண டிரைவில் வெளியே வருவதும் அதிகபட்சம் 230 வோல்ட் த்ரீ ஃபேஸ்தான், அதனால் 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில் (மூன்று காயிலுக்கும் ஒவ்வொரு முனையை ஒன்றாகச் சேர்த்து) கட்டிய மோட்டாரை அப்படியே மாட்டினால் இழுவையே இருக்காது; பிளேட்டில் 230 வோல்ட் டெல்டாவும் (காயில்களை முக்கோணமாக இணைப்பது) போட்டு, காயில்களின் ஆறு முனையும் வெளியே வந்திருந்தால் லிங்க் பட்டைகளை மாற்றி டெல்டாவாக்கலாம், மூன்று ஒயர்தான் என்றால் ரீவைண்டிங் கடைதான்.

மெயின்ஸ், மேனுவல் சொல்லும் அளவு எம்.சி.பி. வழியாக டிரைவின் இன்புட் முனைகளுக்கு. யூ, வி, டபிள்யூ என்ற அவுட்புட் முனைகள் மோட்டாருக்கு மட்டும், அங்கே மெயின்ஸ் கொடுத்தால் டிரைவ் போச்சு. பழைய ஸ்டார்ட்டரை டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் விட்டுவைக்காதீர்கள். ஓடும்போது அது திறந்தால் டிரைவின் அவுட்புட் அடிபடலாம், ஆன் ஆஃப் எல்லாம் கன்ட்ரோல் முனைகளில்தான். மோட்டார் பாடியிலிருந்து டிரைவின் எர்த் முனைக்குத் தனி ஒயர், அங்கிருந்து மெயின் எர்த்துக்கு. நியூட்ரலையே எர்த்தாக்கும் சாமர்த்தியம் வேண்டாம், சாமி!

அப்புறம், டிரைவின் கவரைத் திறப்பது. சுவிட்சை அணைத்த பிறகும் கெபாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டி.சி. நிற்கும், டிஸ்ப்ளே அணைந்ததை நம்பாதீர்கள். மேனுவலில் போட்ட நேரம் காத்திருந்து, டி.சி. பிளஸ் மைனஸ் முனைகளில் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடுங்கள். மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) போடுவதென்றால் மோட்டார் ஒயர்களை டிரைவிலிருந்து கழற்றிவிட்டுத்தான்.