இவருடைய வலது கையும் ரொறொன்ரோவில் இருந்து வந்த வீடியோவும்

பெப்ரவரி மாதத்தில் ஒரு ஞாயிறு இரவு. சாப்பிட்ட கோப்பைகளைக் கழுவிக்கொண்டு நின்றேன். இவருடைய தம்பி ரொறொன்ரோவில் இருந்து வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். சக்கர நாற்காலியில் ஒருவர் வருகிறார், கையில் ஊசி ஏறுகிறது, அடுத்த காட்சியில் பூந்தோட்டத்தில் நடக்கிறார். கூடவே ஒரு குரல் பதிவு: "அண்ணி, இது ஸ்டெம் செல். அண்ணாவுக்கும் சரிவரும். காசைப் பற்றி நீங்கள் யோசிக்காதையுங்கோ, நான் பாக்கிறன்." ஈரக் கையைத் துடைத்துவிட்டு அந்த வீடியோவை நாலு தரம் பார்த்தேன். நாலாம் தரம் அழுதுவிட்டேன்.

இவர் திருகோணமலையில், திருக்கடலூரில் போட் எஞ்சின் திருத்துகிறவர். இருபத்தாறு வருடத் தொழில். போட் கரைக்கு வந்து ஏற முதலே சத்தத்தைக் கேட்டு, "அதிலை ஒரு பிளக் வேலை செய்யேல்லை" என்று சொல்லுவார். அப்படியே இருக்கும். அந்தக் காது இன்னும் இருக்கிறது. பாரிசவாதத்தில், அதாவது ஸ்ட்ரோக்கில், வலது கைதான் போனது.

2024 ஜூலையில் ஒரு விடியற்காலை, நாலரை மணிக்கு எழும்பியவர் பல்லுத் துலக்க பிரஷைப் பிடிக்க முடியாமல் நின்றார். கைக்கு மேல் படுத்து விறைத்துப் போயிருக்கும் என்று இவரும் சொன்னார், நானும் நம்பினேன். மாமி எண்ணெய் சூடாக்கித் தேய்த்தா. எட்டரை மணிக்குத் தேத்தண்ணி கடைவாயால் வழிந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தவருக்குச் சொல் வரவில்லை. அப்போதுதான் 1990 அம்புலன்சுக்கு அடித்தேன். ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்ட முதல் கேள்வியே, "கடைசியா இவர் சுகமா இருந்ததை எத்தனை மணிக்குப் பார்த்தீங்கள்?" என்பதுதான். இரவு பத்து மணிக்கு நித்திரைக்குப் போகும்போது என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டார். மூளைக்குப் போகும் குருதிக்குழாயை அடைத்த குருதிக் கட்டியைக் கரைக்கும் மருந்தை வழமையாக நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். தூக்கத்தில் வந்தால் நேரம் நித்திரைக்குப் போன கணத்தில் இருந்தே ஓடத் தொடங்கிவிடும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

ஒரு பெரிய குருதிக்குழாய் அடைபட்டால் நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்புக் கலங்கள் வரை சாகும் என்று 2006இல் ஒரு கணக்கு வந்தது. நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள். நாலரையில் இருந்து எட்டரை வரைக்கும் எத்தனை நிமிடம் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெருக்கலை நான் இதுவரை செய்து பார்க்கவில்லை. இதை வாசிக்கிற யாருக்காவது சொல்லுகிறேன்: முகம் ஒரு பக்கம் இழுத்தால், ஒரு கை தூக்க வராவிட்டால், பேச்சுக் குழறினால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருக்காதையுங்கோ. உடனே 1990.

சரி, வீடியோவுக்கு வருகிறேன். அன்று இரவே வாசிக்கத் தொடங்கினேன். ஸ்டெம் செல் என்றால் வேறு வகைக் கலங்களாக மாறக்கூடிய மூலக்கலம். மூளையில் செத்த இடத்தில் புதுக் கலங்களை நட்டால் அவை வளர்ந்து நரம்புகளாகி, அறுந்த வயரை மாற்றியது போல எல்லாம் ஓடும் என்று மனதில் படம் பிடித்து வைத்திருந்தேன். அந்தப் படம் ஒரு கிழமை கூட நிற்கவில்லை.

ஆராய்ச்சிகளில் கூடுதலாகப் பயன்படுவது எலும்பு மச்சையில் இருந்து எடுத்து வளர்க்கும் கலங்கள். அவை மூளைக்குள் போய் நரம்பாக மாறி நிலைப்பதில்லை. கொஞ்ச நாளில் அழிந்துவிடுகின்றன. இருக்கிற நாட்களில் வளர்ச்சிக் காரணிகளைச் சுரக்கின்றன, அழற்சியைத் தணிக்கின்றன, புதுக் குருதிக்குழாய் அரும்ப உதவுகின்றன என்பதுதான் விளக்கம். அதாவது, தப்பிப் பிழைத்த மூளை தன்னைத் தானே திருத்திக்கொள்ள ஒரு கை கொடுக்கின்றன.

இதை நான் வகுப்பிலும் சொன்னேன். பின்வாங்கில் இருக்கும், வாய் திறக்காத ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "ரீச்சர், கை நாளத்திலை ஏத்தினால் முதல் நுரையீரலுக்குத்தானே போகும்?" எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. நாளம், இதயத்தின் வலப்பக்கம், அங்கிருந்து நுரையீரல். அந்த மயிர்க்குழாய்களின் விட்டத்தை விட இந்தக் கலங்கள் பெரியவை. ஏற்றியதில் பெரும் பங்கு அங்கேயே சிக்கிவிடுகிறது என்பதை ஆய்வாளர்களும் கண்டிருக்கிறார்கள். வீடியோவில் அந்த மனிதருக்கு ஏறியதும் கை ஊசிதான்.

அப்புறம் மனிதரில் செய்த பரிசோதனைகள். இந்தியாவில் ஐந்து இடங்களில் 120 பேரைச் சேர்த்துச் செய்த ஒன்று 2014இல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு அவரவருடைய எலும்பு மச்சைக் கலங்களையே நாளம் வழியாக ஏற்றினார்கள், மற்றவர்களுக்கு வழமையான சிகிச்சை. ஆறு மாதம் கழித்து, தானாகச் சாப்பிடுவது, உடுப்பது, நடப்பது எல்லாவற்றுக்கும் நூற்றுக்குப் புள்ளி போட்டார்கள். ஏற்றியவர்களுக்கு 63.1, ஏற்றாதவர்களுக்கு 63.6. ஆபத்து இல்லை, பயனும் இல்லை. எங்களுக்கு அக்கரையில் நடந்த ஆய்வு இது, எங்களைப் போன்ற ஆட்களில். அந்த இரண்டு எண்களையும் ஒரு துண்டில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன்.

என் நெஞ்சை அதிகம் வருத்தியது ஸ்டான்போர்டில் நடந்த வேலை. 2016இல் 18 பேரைப் பற்றி எழுதினார்கள். பாரிசவாதம் வந்து ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை ஆனவர்கள். மண்டையோட்டில் சிறு துளை போட்டு, செத்த இடத்தைச் சுற்றிக் கலங்களை வைத்தார்கள். பலருக்குக் கை கால் அசைவில் முன்னேற்றம் தெரிந்தது. பழைய பாரிசவாதம் இனி மாறாது என்ற எண்ணத்தையே அது ஆட்டியது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க அதில் வேறு குழு இல்லை. அடுத்ததாக 163 பேரை வைத்து, ஒரு பகுதியினருக்குக் கலம் வைக்காமல் பாவனையாக மட்டும் அறுவை செய்து பார்த்தார்கள். 2019 ஜனவரியில் முடிவு சொன்னார்கள்: இரண்டு பக்கமும் வித்தியாசம் இல்லை. கலம் கிடைக்காதவர்களிலும் சிலர் தேறியிருந்தார்கள். அந்த வரியை நான் பல இரவு யோசித்தேன். துளை போட்டதும், தனக்கு ஏதோ கிடைத்திருக்கிறது என்ற நம்பிக்கையும், அதற்குப் பிறகு அவர்கள் கையை அசைத்துப் பார்த்த தரங்களும் சேர்ந்து என்ன செய்திருக்கும்?

ஜப்பானில் 206 பேரில், வந்து 18 முதல் 36 மணித்தியாலத்துக்குள், வேறொருவருடைய எலும்பு மச்சையில் இருந்து வளர்த்த கலங்களை ஏற்றினார்கள். மூன்று மாதத்தில் மிக நல்ல நிலைக்கு வந்தவர்கள் 11.5 வீதம். வெறும் திரவம் ஏறியவர்களில் 9.8 வீதம். அந்த இடைவெளியை வைத்து மருந்து வேலை செய்கிறது என்று சொல்ல முடியாது. அந்தக் கலங்களை உருவாக்கிய அமெரிக்க நிறுவனம் 2024 ஜனவரியில் வங்குரோத்துக்கு விண்ணப்பித்தது.

தம்பிக்கு இதையெல்லாம் எழுதினேன். அவர் விடவில்லை. "அண்ணி, ஜப்பானிலை அரசாங்கமே அனுமதி குடுத்திருக்கு" என்று இன்னொரு இணைப்பை அனுப்பினார். அது உண்மைதான், இவர் விழுந்த அதே 2024 ஜூலையில் கொடுத்த அனுமதி. 2019இல் பாரிசவாதத்தில் தோற்ற அதே கலங்கள். ஆனால் அனுமதி தலையில் அடிபட்டுக் கை கால் இயங்காமல் போனவர்களுக்கு, 61 பேரில் செய்த பரிசோதனையை வைத்து, நிபந்தனையோடு கொடுத்தது. இவருக்கு அடிபடவில்லை, குருதிக் கட்டி அடைத்தது.

நான் உண்மையில் பயந்தது வேறொன்றுக்கு. பாரிசவாதம் வந்த 66 வயது மனிதர் ஒருவர் சீனா, ஆர்ஜென்ரீனா, மெக்சிக்கோ என்று காசு கட்டிப் போய் முதுகுத்தண்டுத் திரவத்துக்குள் ஸ்டெம் செல் ஏற்றிக்கொண்டார். முள்ளந்தண்டில் ஒரு கட்டி வளர்ந்தது. எடுத்துச் சோதித்தபோது அந்தக் கலங்களின் டிஎன்ஏ அவருடையது இல்லை. 2016இல் அமெரிக்க மருத்துவர்கள் இதை எழுதினார்கள். அவருக்கும் ஒரு மனைவியோ தம்பியோ நல்லெண்ணத்தில்தான் காசு சேர்த்துக் கொடுத்திருப்பார்கள்.

வீடியோக்காரர்களுக்கு நான் ஒரு மின்னஞ்சல் போட்டேன். என்ன கலம், யாருடையது, எத்தனை, எந்த வழியாக? பதிவு செய்த பரிசோதனையா? என்றால் ஏன் நோயாளியிடம் காசு? இதுவரை ஏற்றியவர்களின் முடிவு எங்கே வெளிவந்தது? இரண்டு நாளில் பதில் வந்தது. இந்த மாதம் இன்னும் மூன்று இடம்தான் இருக்கிறது, முற்பணம் அனுப்பினால் ஒதுக்கி வைப்போம் என்று. என் கேள்வி ஒன்றுக்கும் பதில் இல்லை. முழுத் தொகையை எங்கள் காசில் பெருக்கினால் திருக்கடலூரில் இவர் வேலை செய்யும் கொட்டிலையும் நிலத்தையும் சேர்த்து விற்றாலும் போதாது.

இவரிடம் மறைக்கவில்லை. டச்சு பே கடற்கரையில் மாலை நடக்கும்போது எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே நடந்தார். பேச்சு இப்போது வரும், மெதுவாக. "பாட்ஸ் இல்லாத கடை," என்றார். கொஞ்ச தூரம் போய், "ஆனா ஒருநாள் வரும்" என்றார். நானும் அப்படித்தான் நம்புகிறேன். 2025இல் சூரிச் பல்கலைக்கழகத்தில் இருந்து வந்த ஒரு ஆய்வை மூன்று தரம் வாசித்தேன். வளர்ந்த மனிதக் கலங்களை ஆரம்ப நிலைக்குப் பின்னோக்கித் திருப்பி, அவற்றில் இருந்து நரம்பின் முன்னோடிக் கலங்களை வளர்த்து, பாரிசவாதம் உண்டாக்கிய எலிகளுக்கு ஒரு கிழமை கழித்து மூளைக்குள் வைத்திருக்கிறார்கள். ஐந்து கிழமைக்குப் பிறகும் கலங்கள் உயிரோடு, பெரும்பாலானவை நரம்பாகி, பக்கத்துக் கலங்களோடு தொடர்பு வைத்து. எலிகளின் நடையும் தேறியது. நான் முதல் இரவு பிடித்து வைத்த படம் அங்கே உயிரோடு இருக்கிறது. எலியில்.

காசு வேண்டாம் என்று நான் சொன்னதில் தம்பி ஒரு கிழமை கதைக்கவில்லை. பிறகு எடுத்து, "அப்ப நான் என்னதான் செய்யிறது?" என்று கேட்டார். கிழமைக்கு மூன்று நாள் வீட்டுக்கு வரும் பிசியோவின் செலவை எடுங்கோ என்றேன். எடுத்துக்கொண்டார். கிளினிக்கில் வரிசையில் நின்று கிடைக்கும் இருபது நிமிடம் போதாமல் இருந்தது, அது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அவருக்கு விளங்கியிருக்குமோ தெரியாது.

கிளினிக்கில் பிசியோ தங்கச்சி முதலே எங்களுக்குச் சொல்லித் தந்தது பழைய முறை. நல்ல கையைக் கட்டிப்போட்டு, ஏலாத கையை வேலை செய்ய வைப்பது. அமெரிக்காவில் 222 பேரில் பரிசோதித்து 2006இல் வெளியிட்டார்கள். வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் ஆனவர்கள், முழித்திருக்கும் நேரத்தில் 90 வீதம் நல்ல கையில் உறை, இரண்டு கிழமை. கை தேறியது, ஒரு வருடம் கழித்தும் நின்றது. விரலை ஓரளவாவது விரிக்க முடிந்தவர்களுக்குத்தான் இது சரிவரும். இவருக்கு நாலாம் மாதத்தில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் கொஞ்சம் திறந்தன. அன்றே மகனுடைய விக்கெட் காப்பாளர் கையுறையை இடது கையில் மாட்டிவிட்டோம். கோபம் வரும், கோப்பை விழும், கறிச்சட்டி ஒருநாள் கவிழ்ந்தது. மாமி, "ஏன் பிள்ளை இப்படி வதைக்கிறாய்" என்று அழுதா. ஆய்வுக்காரர்கள் இரண்டு கிழமை செய்ததை நாங்கள் விட்டு விட்டு இன்றும் செய்கிறோம்.

கொட்டிலில் வேலை பழகும் பொடியன் ஒரு தட்டில் நட்டுகளைக் கொண்டு வந்து வைத்தான். எங்களுடைய யோசனை இல்லை, அவனுடையது. பதினேழாம் நம்பர் நட்டை எடுத்துப் பக்கத்துத் தட்டில் போட இவருக்கு ஆறு கிழமை எடுத்தது. பிறகு அதிலும் சிறிய பதினாலு. பன்னிரண்டு இந்தப் புரட்டாதியில் பிடிபட்டது, அன்று பின்னேரம் பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போய் வந்தோம். பத்தாம் நம்பர் இன்னும் விரலிடுக்கால் நழுவுகிறது. ஒரு நாளைக்கு முன்னூறு தரம் என்று கணக்கு வைத்திருக்கிறோம். விழுகிற நட்டுகளைப் பொறுக்க நான் பக்கத்தில் நிலத்தில் குந்தி இருக்கிறேன், வினாத்தாள் திருத்துவதும் அங்கேயேதான்.